சென்சார் மேல் பழி, ஓட்டை வேறிடத்தில்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 1.5 லிட்டர் பெட்ரோல் கார். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு (கோடு) காட்டுகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நானே வாங்கி மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் இப்போதே வாங்காதீர்கள். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் பி0171 சொல்கிறது. யார் காரணம் என்று அது சொல்லவில்லை. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். சென்சார் சொல்லும் காற்றின் எடையை நம்பித்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. சென்சார் குறைத்துச் சொன்னால் பெட்ரோல் குறையும். சென்சாரைத் தாண்டிய பிறகு ஏதாவது விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தாலும் அதே குறைதான் தெரியும். இந்த இரண்டாவது வகைக்குப் புது சென்சார் போட்டால் பணம்தான் போகும்.

இரண்டையும் பிரித்தறிய, காரின் கம்ப்யூட்டரோடு இணைத்து நேரடி அளவுகளைப் படிக்கும் எளிய ஓபிடி ஸ்கேனர் போதும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஃபியூயல் ட்ரிம் சதவீதத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்று அது காட்டும். குறுகிய காலம், நீண்ட காலம் என இரண்டு எண்கள் வரும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். மைனஸ் 5 முதல் ப்ளஸ் 5 வரை இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ப்ளஸ் 20 காட்டி, 2,500 ஆர்.பி.எம்-க்கு உயர்த்தியதும் 5-க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, வேகமும் பாரமும் கூடக்கூட எண்ணும் ஏறினால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். கூடவே ஃபியூயல் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும். பம்ப் தளர்ந்தாலும் இதே போக்குதான்.

கசிவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் (எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் வால்வு) நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். விரிசல் மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் குழாய் புதிது போலத் தெரியும், கையால் வளைத்தால்தான் வாய் திறக்கும். அடுத்து எஞ்சின் அடிப்பகுதி வாயுவை மறுபடி உள்ளே கொண்டுவரும் பி.சி.வி ஹோஸ், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் ஹோஸ். ஆயில் மூடி, டிப்ஸ்டிக் சரியாக உட்காரவில்லை என்றாலும் பல கார்களில் இதே கோடு வரும். சூடான எஞ்சின் மேல் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்து ஓட்டை தேடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சென்சாரின் சொந்த அளவையும் ஒரு பார்வை பார்க்கலாம். எஞ்சின் சூடாக, ஏ.சி அணைந்திருக்கும் ஐடிலிங்கில், கொள்ளளவு ஒரு லிட்டருக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 கிராம் வரும். உங்கள் காருக்கு 1.5 முதல் 2.3 வரை இருக்கலாம். இது தோராயக் கணக்குதான், சரியான அளவைக் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். எண் நிலையில்லாமல் துள்ளினால், ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சென்சாரை மெல்லத் தட்டுங்கள், ஒயரையும் அசைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் எஞ்சின் திணறினால் உள் இணைப்போ கனெக்டரோ தளர்ந்திருக்கிறது.

கேள்வி: சென்சார் பிளக்கைக் கழற்றிவிட்டால் கார் முன்பைவிட நன்றாக ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பிளக் இல்லை என்றதும் கம்ப்யூட்டர் த்ராட்டில் திறப்பையும் ஆர்.பி.எம்-மையும் வைத்துக் காற்றை ஊகிக்கிறது. ஊகம் சென்சாரைவிடச் சரியாக இருக்கிறது என்றால் சென்சார் பொய் சொல்கிறது என்பதற்கு அது நல்ல துப்பு, அவ்வளவுதான். தொடர்ந்து அப்படியே ஓட்டினால் கலவை பெரும்பாலும் கூடுதல் பெட்ரோல் பக்கம் சாயும். மைலேஜ் குறையும், காலப்போக்கில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வீணாகும்.

கேள்வி: கார்புரேட்டர் க்ளீனர் வீட்டில் இருக்கிறது. அதை வைத்தே சென்சாரைச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். கார்புரேட்டர் க்ளீனரும் பிரேக் க்ளீனரும் பிளாஸ்டிக்கையும் உள்ளே இருக்கும் பூச்சையும் அரிக்கக்கூடியவை. சில வகைகள் படலமும் விட்டுச் செல்லும். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே தனி ஸ்ப்ரே விற்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 10, 15 முறை விட்டு விட்டு அடியுங்கள். டப்பாவோடு வரும் மெல்லிய குழாய் உள்ளே எதையும் தொடக்கூடாது. பஞ்சு, பிரஷ், துணி எதுவும் கூடாது. கம்ப்ரஸர் காற்றும் கூடாது. தலைமுடி போல மெல்லிய கம்பிகளும் ஏடுகளும் இருக்கும் இடம் அது. தானாகவே முழுதாக உலரட்டும், அரை மணி நேரமாவது கொடுங்கள்.

இந்தச் சென்சாரின் ஹாட் ஒயர் (சூடான கம்பி), ஹாட் ஃபிலிம் (சூடான ஏடு) வகைகளில் ஓர் உறுப்பு உள்ளே வரும் காற்றைவிடச் சூடாகவே வைக்கப்படும். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதே காற்றின் அளவு. அதன் மேல் தூசியோ எண்ணெய்ப் படலமோ ஒட்டினால் போர்வை போர்த்தியது போலாகிவிடும். அதிகக் காற்று பாய்ந்தாலும் குறைவாகவே சொல்லும். மேடு ஏறும்போது பிக்கப் இல்லை என்ற புகார் இப்படித்தான் வருகிறது. பாஷ் நிறுவனத்தின் பழைய எல்.எச் ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பில் எஞ்சினை அணைத்தபின் பிளாட்டினக் கம்பியை ஒரு நொடி ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அழுக்கை எரித்துவிடுவார்கள். பின்னர் வந்த ஹாட் ஃபிலிம் வகையில் அந்த ஏற்பாடு இல்லை.

எண்ணெய் பூசிப் பயன்படுத்தும் துவைக்கும் வகை ஏர் ஃபில்டர் இருந்தால், எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதுதான் படலத்துக்கு முக்கியக் காரணம். அதை நிறுத்தாமல் சென்சாரை எத்தனை முறை கழுவினாலும் மறுபடி அழுக்காகும்.

கேள்வி: சோதனை எல்லாம் முடித்துவிட்டேன், சென்சார்தான் கெட்டிருக்கிறது. வீட்டிலேயே மாற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: வேலை 20 நிமிடம்தான். சரியான பாகத்தை வாங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கார் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய சென்சாரைக் கழற்றி அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே உருவம், ஒரே பிளக், ஒரே ஸ்க்ரூ துளை இருந்தும் உள்ளே அளவீடு வேறாக இருக்கும் சென்சார்கள் ஏராளம். மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எஞ்சின் மூச்சுத் திணறும். போலிகளும் நிறைய வருகின்றன. பெட்டி அசல் போலவே இருக்கும். உடம்பில் எண் இல்லாமலோ அழிந்த மாதிரியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று குழாயின் மேல் துளையில் செருகும் சிறிய பிளாஸ்டிக் துண்டு, இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். மற்றொன்று சென்சாரும் அது உட்கார்ந்திருக்கும் குழாய்த் துண்டும் சேர்ந்தே வருவது. முதல் வகைக்கு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோ டி20 டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) பிட்டோ போதும். நடுவில் சிறு முள் இருக்கும் டார்க்ஸ் ஸ்க்ரூவும் சில கார்களில் இருக்கும், அதற்கு நடுவில் துளையுள்ள பிட் வேண்டும். இரண்டாவது வகைக்கு ஹோஸ் கிளாம்ப்பைத் தளர்த்தவும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோ 8 மி.மீ., 10 மி.மீ. சாக்கெட்டோ தேவைப்படும்.

எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். பேட்டரியைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. கழற்றினால் கடிகாரமும் ஜன்னல் ஆட்டோ அமைப்பும் போய்விடும், சில கார்களில் ரேடியோ ரகசிய எண் கேட்கும்.

தொடுவதற்கு முன் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள். திறந்த துளையில் விழும் மணல் நேராக எஞ்சினுக்குள் போகும். கனெக்டரில் சிவப்பு அல்லது மஞ்சள் பூட்டு இருந்தால் முதலில் அதைப் பின்னால் இழுங்கள். பிறகு நாக்கை அழுத்தியபடி கனெக்டரின் உடம்பைப் பிடித்து எடுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் நாக்கு பட்டென்று உடையும். பின்களில் பச்சை நிறத் துரு இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்கள் கெட்டிருந்தால் புது சென்சாரும் அதே கதைதான்.

ஸ்க்ரூக்களைக் கழற்றி சென்சாரை நேராகத் தூக்குங்கள். இறுகியிருந்தால் இடமும் வலமும் மெல்ல அசைக்கலாம், நெம்பக்கூடாது. பழைய ஓ ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிதைச் செருகினால் சென்சார் முழுதாக உட்காராது, காற்றும் கசியும். புது ஓ ரிங்கில் விரல் நுனியளவு சிலிக்கான் கிரீஸ் தடவலாம். சென்சாரின் வாயில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. சிலிக்கான் சீலன்ட் பேஸ்டை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

காற்று ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி சென்சாரிலோ குழாயிலோ இருக்கும். அது ஃபில்டரிலிருந்து எஞ்சினை நோக்க வேண்டும். குழாய் வகையைத் தலைகீழாக மாட்டிவிட வழியிருக்கிறது, அம்பை இரண்டு முறை பாருங்கள். குழாய்க்குள் தேன்கூடு போல வலை இருந்தால் அதைப் பிய்க்கக்கூடாது. சுழன்று வரும் காற்றை நேராக்கி அனுப்புவது அதன் வேலை.

ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. அதனால் முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று மரை பொருந்தும், அதன்பின் இறுக்குங்கள். விரல் வலுவே போதும், 2 நியூட்டன் மீட்டரைத் தாண்டத் தேவையில்லை. மரை தேய்ந்தால் மாற்ற வேண்டியது ஃபில்டர் பெட்டி. ஃபில்டர் மூடியையும் கிளாம்ப்களையும் மறுபடி சரிபார்த்து, எல்லாம் மாட்டி முடித்த பிறகே சாவியைப் போடுங்கள். கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் புதிதாக ஒரு கோடு பதிவாகும்.

கேள்வி: புதிது மாட்டியும் ஐடிலிங்கில் ஆர்.பி.எம் ஏறி இறங்குகிறது.

பதில்: முதலில் ஸ்கேனரால் கோடுகளை அழித்தீர்களா? பழைய சென்சாரின் பொய்க்கு ஏற்பக் கம்ப்யூட்டர் நீண்ட காலத் திருத்தம் ஒன்றைப் பழகி வைத்திருக்கும். அதையும் ஸ்கேனரில் ரீசெட் செய்துவிட்டு, சூடாகும்வரை ஐடிலிங்கில் விட்டு, பிறகு பல வேகங்களில் ஓட்டுங்கள். கோடுகளை அழித்தால் கம்ப்யூட்டர் தானே செய்துவைத்த தன்பரிசோதனை முடிவுகளும் அழியும். அந்த முடிவுகளையும் பார்க்கும் புகைச் சோதனை அடுத்த நாள் என்றால் இன்று அழிக்காதீர்கள்.

அதன் பின்னும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் மாட்டும்போது விட்ட தவறுதான்: குழாய் கிளாம்ப் பாதி இறங்கியிருக்கும், ஃபில்டர் மூடியில் ஒரு கிளிப் விட்டுப்போயிருக்கும், சின்ன வாக்குவம் ஹோஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். பி0102 வந்தால் சிக்னல் மிகக் குறைவு, பி0103 வந்தால் மிக அதிகம். இரண்டுமே கனெக்டரையும் ஒயரையும் முதலில் பார்க்கச் சொல்கின்றன. சாவி மட்டும் ஆன் செய்து, எஞ்சின் ஓடாத நிலையில் பாஷ் ஹாட் ஃபிலிம் வகைகள் பலவற்றில் சிக்னல் ஏறக்குறைய 1 வோல்ட் இருக்கும். கணிசமாக விலகினால் புதிதுதான் என்று விட்டுவிடாமல் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: டீசல் கார். கரும்புகை, இழுவை இல்லை. இதற்கும் இதே சென்சார்தான் காரணமா?

பதில்: இருக்கலாம். டீசலில் இந்தச் சென்சாரின் முக்கிய வேலை, இ.ஜி.ஆர் வால்வு எவ்வளவு புகையை மறுபடி உள்ளே விட வேண்டும் என்று கணக்கிட உதவுவது, புகை மிஞ்சாமல் டீசலுக்கு வரம்பு வைப்பது. அது குறைத்துச் சொன்னால் வரம்பு இறங்கி இழுவை போகும். கரும்புகையும் சேர்ந்தே இருந்தால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது டர்போவிலிருந்து, அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயை. அது பிளந்தால் அளந்த காற்று வெளியே போய்விடும், டீசல் மட்டும் முழுதாக வரும். குழாயைச் சுற்றி எண்ணெய்க் கசிவின் தடம் தெரிகிறதா பாருங்கள். திறந்த நிலையில் சிக்கிய இ.ஜி.ஆர் வால்வும் இதே புகையைத் தரும்.

கேள்வி: ஃபில்டர் பெட்டி முழுக்கத் தேடிவிட்டேன், என் சிறிய பெட்ரோல் காரில் இந்தச் சென்சாரே கண்ணில் படவில்லை.

பதில்: இல்லாமலே இருக்கலாம். பல சிறிய பெட்ரோல் கார்களில் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் மேப் சென்சார் அழுத்தத்தை அளக்கும். காற்றின் வெப்பத்தையும் ஆர்.பி.எம்-மையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் எடையைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஃபில்டர் பக்கத்தில் இரண்டு ஒயர் மட்டும் வரும் சிறு பிளக் தெரிந்தால் அது காற்றின் வெப்பத்தை அளப்பது. அதைக் கழற்றி ஏர் ஃப்ளோ சென்சார் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.