ஜாங்கரில் ஒரு கட்டில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1948-ல் காஷ்மீர் போரில் ஜாங்கரில் இறந்த நம் ராணுவ அதிகாரி பிரிகேடியர் முகமது உஸ்மானைப் பற்றி வாசித்தேன். பாகிஸ்தானிலிருந்து அழைப்பு வந்தும் அவர் போகவில்லை. போயிருந்தால் அங்கே ராணுவத் தளபதியாகவே ஆகியிருக்கலாம் என்கிறார்கள். எது அவரை இங்கே நிறுத்தியது? பிரிகேடியராக இருப்பவர் குண்டு விழும் இடத்தில் இருந்தது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன மாதம்தான் டெல்லியில் ஜாமியா மில்லியா பக்கம் அவருடைய கபரைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த நினைப்பிலேயே இருந்தபோது உங்கள் கடிதம்.

ஜாங்கர், ஜம்மு பக்கம் நௌஷேராவை ஒட்டிய போர்முனை. பிரிகேட் தலைமையகமே பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்தது. வேறு எங்கே போய் உட்காரச் சொல்கிறீர்கள்? தளபதி ஆகியிருப்பாரா என்பது டீக்கடைப் பேச்சு, விடுங்கள்.

‘எது அவரை இங்கே நிறுத்தியது?’ இதுதான் எனக்கு எரிச்சல். அசம்கர் மாவட்டத்துக்காரர். அப்பா காசியில் போலீஸ் கொத்தவால். சொந்த வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் ‘நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா?’ என்கிறோம், அதுவும் பாராட்டுகிற முகத்தோடு. உங்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, தெரியும். அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். அவர் எங்கும் போகவில்லை ஐயா, போனது அவருடைய ரெஜிமென்ட். சாண்ட்ஹர்ஸ்ட் முடித்து அவர் சேர்ந்தது பலூச் ரெஜிமென்ட்டில். 1947-ல் அது பாகிஸ்தான் பங்குக்குப் போயிற்று. இவரை டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாற்றினார்கள்.

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது எனக்கு எட்டு வயது. பித்தளை அண்டா பெரியப்பாவுக்குப் போனது, அதன் மூடி எங்களுக்கு வந்தது. யார் பிடித்த அடமோ. எதற்கும் பொருந்தாத அந்த மூடியை அம்மா கடைசி வரை பரணில் வைத்திருந்தாள். வருஷா வருஷம் பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்ப்பாள். பலூச் ரெஜிமென்ட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வரும். 1948 ஜூலை 3 அன்று ஜாங்கரில் உஸ்மானைக் கொன்றது ஒரு 25 பவுண்டர் பீரங்கிக் குண்டு. அந்த ரகப் பீரங்கி இரண்டு பக்கமும் இருந்தது. எல்லாம் ஒரே வீட்டுப் பாத்திரம். அவருக்கு 36 வயது நிறைய 12 நாள் பாக்கி.

அடக்கத்துக்கு நேரு வந்தார், கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியும் வந்தார். மகாவீர் சக்கரம் என்ற வீர விருது பிறகு. அவர் தலைக்கு எதிர்த்தரப்பு 50,000 ரூபாய் விலை வைத்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். மது தொடாத, கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தவர் என்பதை யாராவது சொல்கிறார்களா?

அப்புறம் அந்தக் கட்டில். 1947 டிசம்பரில் ஜாங்கர் கைவிட்டுப் போனது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் செய்து, நௌஷேராவின் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். மார்ச் 18-ல் ஜாங்கர் திரும்பக் கிடைத்தது. சரி, இனி படுக்கலாம் என்றால் முகாமில் கட்டில் இல்லை! பக்கத்துக் கிராமத்தில் இரவல் வாங்கி வந்தார்களாம். மிஞ்சிப் போனால் மூன்றரை மாதம் படுத்திருப்பார்.

அந்தக் கல்லறையை 2020 டிசம்பரில் யாரோ உடைத்திருந்தார்கள். ராணுவம் சரிசெய்தது. ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. கட்டிலைக் கொடுத்த வீட்டுக்கு யாராவது அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்களா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.