மனு கொடுத்தாயிற்று, மதிப்பீடு போட்டார்களா?

ஈரோடு மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் தெருவில் கழிவுநீர் வாய்க்கால் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் வாசற்படி வரை வந்துவிடுகிறது. 62 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, எட்டு மாதத்துக்கு முன் பேரூராட்சியில் மனு கொடுத்தார்கள். ஒரு பதிலும் இல்லை. வார்டு உறுப்பினரைக் கேட்டால் "கூட்டத்தில் வைக்கிறேன்" என்கிறார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் ஃபைலை நகர்த்தித் தருவதாகச் சொல்கிறாராம். கொடுக்கலாமா, வேறு வழி இருக்கிறதா என்று கேட்கிறார்.

அம்மா, அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் உள்ளாட்சி அலுவலகங்களில் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன், வாசலில் நிற்கும் ஆள் எந்த ஃபைலையும் நகர்த்த முடியாது. உங்கள் மனுவையே இன்னொரு தாளில் எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்துவிட்டு, அங்கே இலவசமாகக் கிடைக்கும் பதிவு எண்ணை உங்களிடம் காட்டுவார். அவ்வளவுதான் அவர் வேலை. மனித உரிமைச் சங்கம் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்களிலும் பல பேர் இதே ரகம்தான்.

சரி, உங்கள் மனு எங்கே போயிருக்கும்? தபால் பிரிவில் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, பொறியியல் பிரிவைப் பார்க்கும் எழுத்தர் மேசைக்கு அனுப்பியிருப்பார்கள். பச்சை நாடா கட்டிய ஃபைல் கட்டுக்குள் அங்கேதான் கிடக்கும். பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: மனு தானாக மன்றக் கூட்டத்துக்குப் போகாது. பணி ஆய்வாளரோ பொறியாளரோ தெருவை அளந்து, இத்தனை மீட்டர் வாய்க்கால், இவ்வளவு செலவு என்று மதிப்பீடு போட வேண்டும். அது இருந்தால்தான் பேரூராட்சி அலுவலகத்தின் தலைவரான செயல் அலுவலர் அதைக் கூட்டத்துக்கு விவாதப் பொருளாக வைப்பார், உறுப்பினர்கள் அடங்கிய மன்றம் தீர்மானம் போடும். பிறகு அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்கிற டெண்டர். மதிப்பீடு இல்லாமல் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து பேசினால், பேசியதோடு சரி. அதனால் இனி யாரைப் பார்த்தாலும் "எங்கள் மனு என்ன ஆயிற்று" என்று கேட்காதீர்கள். "மதிப்பீடு போட்டாயிற்றா, எந்தத் தேதிக் கூட்டத்தில் பொருளாக வருகிறது" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தேதி சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதிதாக ஒரு மனு கொடுங்கள். வாய்க்கால் மட்டும் கேளுங்கள். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குடிநீர் எல்லாம் ஒரே தாளில் இருந்தால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். "மற்றும் 61 பேர்" என்று போட்டால் பதில் முதல் கையெழுத்துக்காரருக்கு மட்டும்தான் வரும். அவர் ஊரில் இருக்கிறவராகவும் முழு முகவரி, செல்பேசி எண் கொடுத்தவராகவும் இருக்கட்டும். உங்கள் கையில் இருக்கும் நகலிலும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள்" என்றால், அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். மனு வந்த மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில் என்று 2015-லேயே அரசாணை 99 சொல்லிவிட்டது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் ஆணை அது. மனுவில் அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பத்து வருட ஆணையை மனு கொடுக்கிறவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

"நகல்: முதலமைச்சர், ஆளுநர், தலைமை நீதிபதி" என்று இருபது பேருக்கு அனுப்புகிற பழக்கம் வேண்டாம். முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குப் போன் செய்தாலும், கலெக்டரிடம் கொடுத்தாலும், அது பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் வழியாக அதே செயல் அலுவலருக்கு, அதே எழுத்தர் மேசைக்குத்தான் இறங்கி வரும். பிறகு "நிதி நிலைமைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரியோடு முடிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். வாசற்படியில் தண்ணீர் நிற்கிறது, கணினியில் மனு தீர்ந்துவிட்டது! அந்தப் பதில் வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் ந.க.எண், அதாவது உங்கள் ஃபைலின் எண், பிறகு தேவைப்படும்.

ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இல் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். சங்கத்தின் பெயரில் போட வேண்டாம், உங்கள் பெயரில் போடுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். மனு மீதான அலுவலகக் குறிப்பின் நகல், மதிப்பீட்டின் நகல், தீர்மானத்தின் நகல் என்று தாளாகக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், இந்த மனு வந்த மறுநாள் காலையில்தான் பணி ஆய்வாளர் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

இவ்வளவு செய்தும் நடக்காத இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தெரு மனைப்பிரிவாகப் போட்டு விற்ற இடமா? அப்படியானால் தெரு இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மனை போட்டவர் சாலைகளையும் பொது இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் போயிருந்தால், "சாலை எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்று பொறியாளர் ஒரு வரி எழுதுவார், ஃபைல் அத்தோடு நின்றுவிடும். அதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். ஓர் இடத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் கிரயப் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணைப் போட்டு, மனை விற்ற காலத்தை ஒட்டிப் பேரூராட்சி பெயரில் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் எண்ணையும் வருடத்தையும் மனுவில் எழுதுங்கள். பத்திரம் இருந்தும் பட்டா பழையவர் பெயரிலேயே கிடப்பதுண்டு. அப்போது பட்டா மாற்றம் செய்யக் கோரியும் தனி மனு கொடுக்க வேண்டும். பத்திரமே இல்லையென்றால், மனை போட்டவரையோ அவர் வாரிசுகளையோ தேடிப் பிடித்து எழுதி வாங்குகிற வேலை இருக்கிறது. மனைப்பிரிவே அனுமதி இல்லாதது என்றால், முதலில் அதை வரன்முறைப்படுத்தினார்களா, அதாவது பிற்பாடு அனுமதி வாங்கினார்களா என்று பாருங்கள். 2017-இல் வந்த திட்டம், 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான். மனை வாங்கும்போது வாசல் கதவு எந்தத் திசை என்று பார்க்கிறோம், வாசலுக்கு முன்னால் இருக்கும் சாலை யாருடையது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

நீதிமன்றம் போகலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்க வேண்டும்" என்றுதான் உத்தரவு வரும். வாய்க்கால் கட்டு என்று நேராக வருவது அபூர்வம். அந்த உத்தரவுக்கும் முத்திரை போட்ட மனு நகல் வேண்டும்.

இந்த வாரமே வில்லங்கச் சான்றைப் பார்த்துவிடுங்கள். தானப் பத்திரம் இருந்தால், அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் இரண்டு மூன்று பேராகச் செயல் அலுவலரைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்கும்போது எடுத்த படங்களும், பத்திர எண்ணும், பழைய மனுவின் தேதியும் கையில் இருக்கட்டும்.