ஐந்து நாள் ஜப்பான் ஆலைப் பயணம்: இயந்திரத்தைச் சோதித்து ஏற்கச் செல்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவையில் வாகன உதிரிப்பாகத் தொழிலில் இருக்கிறேன். வாங்கும் இயந்திரங்களை, அவை கப்பலேறும் முன் சோதித்துப் பார்ப்பதற்காக ஜப்பானின் ஐச்சி மாநிலத்துக்குப் பலமுறை சென்று வந்தவன் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி (ஓசூர்): ஐயா, நகோயாவுக்கு அருகிலுள்ள ஆலைக்கு உலோகத்தைத் துளைத்துச் செதுக்கும் தானியங்கி இயந்திரமான மெஷினிங் சென்டர் ஒன்றைச் சோதிக்க முதல் முறையாகச் செல்கிறேன். புறப்படும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அங்கே செய்யும் வேலையைவிட இங்கே முடிக்க வேண்டிய வேலையே அதிகம். எத்தனை உருப்படிகளைத் தொடர்ந்து ஓட்டுவது, எந்தெந்த அளவுகளைப் பார்ப்பது, ஓர் உருப்படிக்கு எத்தனை நொடி, இயந்திரம் ஒரே அளவை எவ்வளவு சீராகத் தருகிறது என்று காட்டும் சிஎம்கே மதிப்பு எவ்வளவு (வாகனத் துறையில் பெரும்பாலும் 1.67 கேட்பார்கள்) என்பவை எல்லாம் இருதரப்பும் ஒப்புக்கொண்ட தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் போகிறவர் காட்டியதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்ப நேரும். சோதனைக்கான வார்ப்புகளையும் கணக்குக்கு மேல் பத்துப் பதினைந்து சேர்த்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். முதல் சில உருப்படிகள் செட்டிங்கிலேயே கழிந்துவிடும்.

கேள்வி (கோவை): நாங்கள் எடுத்த அளவும் அவர்கள் எடுத்த அளவும் பொருந்தாமல் போனால் யாருடையதை ஏற்பது?

பதில்: என் முதல் பயணத்தில் ஒரு பகல் முழுவதும் இதே வழக்கில் கழிந்தது, பிழை என்னுடையது. 100 மில்லிமீட்டர் துளையுள்ள அலுமினிய உறை ஒன்றை நம் கூடத்தில் 32 டிகிரி வெப்பத்தில் அளந்து எடுத்துச் சென்றிருந்தேன். அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், அலுமினியம் சுமார் 23 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எஃகு சுமார் 11.5 மைக்ரானும் விரியும். ஆகவே எஃகுக் கருவியும் உடன் விரிந்தாலும், அந்தத் துளை ஏறத்தாழ 14 மைக்ரான் பெரிதாகவே தெரியும். எஃகு உருப்படியை எஃகுக் கருவியால் அளக்கும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் தானே கழிந்துவிடுவதால், நம்மில் பலர் இதை நினைப்பதே இல்லை. மாதிரி உருப்படி ஒன்றை 20 டிகிரி அறையில் அளந்து, அதை உடன் கொண்டு சென்று, முதல் நாளே அவர்கள் கருவியிலும் அளந்து ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர், பராமரிப்புப் பிரிவு): அங்கே நன்றாக ஓடிய இயந்திரத்தில் இங்கு வந்தபின் கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தம் குறைந்துவிட்டது. பம்ப் பழுதா?

பதில்: பம்பைக் கழற்றும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். ஜப்பான் ஒரே நாடானாலும் இருவகை மின்சாரம் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதன் விளைவாக, இன்றும் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். நகோயா 60 ஹெர்ட்ஸ் பகுதியைச் சேர்ந்தது, நம்முடையது 50. இயந்திரத்தோடு வரும் டிரான்ஸ்பார்மர் நம் 415 வோல்ட்டை அவர்களின் 200 வோல்ட்டாக இறக்குமே தவிர, ஹெர்ட்ஸை மாற்றாது. வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் அச்சுகளை நகர்த்தும் சர்வோ மோட்டார்களும், வேண்டிய ஹெர்ட்ஸைத் தானே அமைத்துத் தரும் டிரைவ் என்னும் மின்னணுக் கருவி வழியாக ஓடுவதால் அவற்றுக்குக் கேடில்லை. ஆனால் மின்சாரத்தில் நேரடியாக இணைத்த கூலன்ட் பம்ப், ஹைட்ராலிக் பம்ப், உலோகச் சீவலை வெளியேற்றும் சிப் கன்வேயர் ஆகியவை ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். சுழல்விசைப் பம்பில் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், ஏறத்தாழ முப்பது விழுக்காடு போய்விடும். ஆழ்துளை போடும் டிரில்லுக்கு அது போதாது. சோதனையின்போதே 50 ஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டக் கேளுங்கள். பல ஆலைகளில் அதற்கான ஏற்பாடு இருக்கும்.

கேள்வி (சென்னை): எதைக் கேட்டாலும் "ஹாய்" (ஜப்பானிய மொழியில் "ஆம்") என்கிறார்கள். பிறகு ஒன்றும் நடப்பதில்லையே?

பதில்: அந்த "ஹாய்" பல வேளைகளில் "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்ற அளவில் நம் "ம்" போன்றதுதான், இசைவு என்று கொள்ள வேண்டாம். "முஸுகஷீ", அதாவது "கடினம்", என்று இழுத்துச் சொன்னால் முடியாது என்றே பெரும்பாலும் பொருள். அன்றன்று மாலையில் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, யார், எந்தத் தேதிக்குள் என்று குறித்து, மறுநாள் காலைக் கூட்டத்தில் வாசியுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் அவர்களைப்போல் சொன்ன சொல் காப்பவர்களை நான் பார்த்ததில்லை.

கேள்வி (மதுரை, தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்): நான் சைவம், ஐயா. ஆலை உணவகத்தில் ஒரு வாரம் சமாளிக்க முடியுமா?

பதில்: சோறு கிடைக்கும், சாறுதான் சிக்கல். காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் உலர்ந்த சூரை மீனில் எடுத்த "தாஷி" கலந்திருப்பது வழக்கம். மீனை இறைச்சியாக எண்ணாததால், "இறைச்சி இல்லை" என்று மனமாரச் சொல்வார்கள். கடைகளில் உமெபோஷி என்னும் புளித்த ஊறுகாய் வைத்த சோற்றுருண்டை ஓரளவு பாதுகாப்பானது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றோடு செல்லுங்கள். கறிவேப்பிலைக் கொத்தையும் பழங்களையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

கேள்வி (திருச்சி): சுற்றுலா விசாவில் போய்வரலாமா? மாத்திரைகள்?

பதில்: கூடாது. அழைக்கும் நிறுவனத்தின் கடிதத்துடன் குறுகியகால வணிக விசா பெறுங்கள். சூடோஎபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை உண்டு. மருந்துப் பெட்டியைப் புறப்படும் முன் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): கடைசி நாளில் சில குறைகள் மீதமிருந்தால் கையெழுத்திடலாமா?

பதில்: இயந்திரத்தின் துல்லியத்தைத் தொடும் குறை என்றால் இடக் கூடாது, கையெழுத்திட்டால் பெரும்பாலும் அடுத்த தவணைப் பணமும் அவர்களுக்குப் போய்விடும், பிறகு நம் பேச்சுக்கு எடை இராது. மூடி உரசல், பெயர்ப்பலகை போன்றவையாயின் தேதியிட்ட நிலுவைப் பட்டியலை இணைத்து இடலாம். வெள்ளி மாலை உங்களுக்கு விமானம் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த அவசரத்தில் கையெழுத்திட நேராதிருக்க, திரும்பும் பயணச்சீட்டைச் சனிக்கிழமைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.