சாப்பர், டர்னர்: ஒரு நினைவு மலர்

அன்புள்ள ஐயா,

அப்பா சென்ற மாதம் காலமானார். 1964-இல் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து 1981-இல் பென்ஷனோடு வந்தவர். பிறகு அறுபது வயதுவரை கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் டர்னர். பட்டாளத்துக் கதை எதுவும் வீட்டில் பேசியதில்லை. சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம். "எல்லையில் உயிரைப் பணயம் வைத்த மாவீரர்" என்று தம்பி எழுதியிருக்கிறான். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமும் நாலைந்து பதக்கங்களும் இருக்கின்றன. கடையில் வாங்கிய தேசியக்கொடியை அப்பாவுக்குப் போர்த்தியிருந்தோம். அந்தப் படத்தை அட்டையில் போடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி எழுதிய வரியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அது யாருக்கும் பொருந்தும். அப்பா என்ன செய்தார் என்பதைப் பதக்கங்களே ஓரளவு சொல்லும்.

வட்டப் பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண், ரேங்க், பெயர் வெட்டியிருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று பிராசோ பாலிஷ் போட வேண்டாம், தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். 1972-இல் பணியில் இருந்ததால் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் இருக்கும். ஒன்பதாண்டுப் பணிப் பதக்கமும் இருக்கலாம். இரண்டுக்கும் போரோடு தொடர்பில்லை. 1971 பாகிஸ்தான் போருக்கான சங்கிராம் மெடலும் பரவலாகக் கொடுக்கப்பட்டதுதான். நட்சத்திரம்தான் முக்கியம்: பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. நட்சத்திரம் இல்லாமல் சங்கிராம் மட்டும் இருந்தால் "போர்முனையில்" என்று எழுதாதீர்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

பஸ்சிமி ஸ்டாரும் இருந்து, யூனிட் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் என்றும் இருந்தால் கதை வேறு. 1971 டிசம்பரில் மேற்கு முனையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி டாங்குகள் போக, கண்ணிவெடி வயலில் வழி திறந்தது அந்த ரெஜிமென்ட்தான். கையால் கண்ணி தேடுபவர் தரையோடு படுத்து, கம்பியைச் சாய்வாகத்தான் குத்துவார். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் மேல்தட்டு அழுந்தி வெடிக்கலாம். சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டும். யூனிட் தெளிவாக இல்லையென்றால் எண், ரேங்க், பெயரோடு மெட்ராஸ் சாப்பர்ஸின் ஆவண அலுவலகமான பெங்களூரு எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் அனுப்பலாம். பதில் வருவதற்குள் மலர் அச்சுக்குப் போகிறதென்றால் யூனிட்டை ஊகித்துப் போடாதீர்கள்.

லேத்துக்கு நீங்கள் ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் அதில்தான். பம்ப் ஷாஃப்டில் 25 மி.மீ. பேரிங் உட்காரும் இடத்தைக் கடைவதைக் கேட்டுப் பாருங்கள். அளவு 25-க்கு மேல் 0.002-இலிருந்து 0.015 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டிலேயே வழுக்கிச் சுற்றிச் சூடேறும். கூடினால் உள்வளையம் விரிந்து, குண்டுகள் இறுகிச் சூடேறும். எப்படியானாலும் தோட்டத்தில் மோட்டார் நின்றுவிடும். கூட வேலை பார்த்தவர் ஒருவரைப் பிடியுங்கள். எந்த லேத், டூலைத் தானே சாணை பிடித்தாரா, யாருக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டு, அந்த ஆட்களின் பெயரைப் போடுங்கள். மலரின் பாதிப் பக்கம் இதற்குப் போகட்டும்.

கொடிப் படம் வேண்டாம். அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவ, துணை ராணுவ இறுதிச் சடங்கு ஆகியவற்றில் மட்டுமே கொடி போர்த்த 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இடம் தருகிறது. அங்கும்கூட அதைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. லேத் முன்னால் நிற்கும் படம் இருந்தால் அதையே அட்டையில் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை அச்சகத்தில் கொடுத்துவிடாதீர்கள், ஸ்கேன் போதும். அம்மாவின் குடும்ப பென்ஷனுக்கு அது தேவைப்படும். அதிலும் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.விலும் ஆதாரிலும் அம்மா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் இழுபறி அங்கேதான் தொடங்கும். இறப்பை ராணுவப் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் பதிவு செய்துவிடுங்கள். அப்பா காலமான பிறகு அவர் கணக்கில் விழுந்த பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுத்திருந்தால் தனியாக வையுங்கள். திருப்பிக் கேட்பார்கள்.