வாங்குவோர் கேள்வி-பதில்: ஹனோயிலிருந்து நின் பின்னுக்கு ஒரு நாள் பயணம்

வியட்நாம் போய்வருபவர்கள் கூடிவிட்டார்கள், கடிதங்களும் கூடிவிட்டன. இந்த வாரம் எடுத்துக்கொண்டவற்றில் பெரும்பாலானவை ஒரே சரக்கைப் பற்றியவை: காலையில் ஹனோயில் வண்டி ஏறி, நின் பின் மாகாணத்தில் வயல், குகை, கோயில் பார்த்துவிட்டு இரவில் திரும்பும் வழிகாட்டிப் பயணம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பழைய தலைநகர் ஹோவா லூ, ட்ராங் ஆன் படகு, மூவா குகை, மதிய பஃபே. இணையதளத்தில் 45 டாலர், ஹனோய் பழைய நகரத்துக் கடை ஒன்றில் அதே பயணம் 18 டாலர். எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்? — வாசகர், ஈரோடு

கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ராங் ஆன் படகுச் சீட்டு ஆளுக்கு 2,50,000 டாங். மூவா குகை 1,00,000. ஹோவா லூ 20,000. சாதாரண பஃபே சாப்பாட்டுக்கு 1,50,000 வையுங்கள். மொத்தம் 5,20,000 டாங். ஒரு டாலருக்கு 26,000 டாங் என்றால் சரியாக 20 டாலர். வண்டி, டீசல், ஓட்டுநர், வழிகாட்டி எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. கட்டணங்கள் கொஞ்சம் ஏறி இறங்கலாம், கம்பெனிக்குச் சிறு தள்ளுபடியும் கிடைக்கலாம். அப்படியும் 18 டாலருக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் எங்கே கை வைப்பார்கள்? சீட்டைச் சேர்த்திருக்க மாட்டார்கள். இல்லையென்றால் மூவா குகையைக் கீழே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டிவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் 45 பேர் பஸ்ஸில் ஏற்றி, வழியில் கடைகளில் இறக்கிக் கமிஷனில் ஈடுகட்டுவார்கள். ‘நுழைவுச் சீட்டு உட்பட’ என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். எந்தெந்த இடத்துச் சீட்டு என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பட்டியலில் பாய் டின் கோயில் இருந்தால் உள்ளே ஓடும் மின்வண்டிக்கும் 13 மாடிக் கோபுரத்துக்கும் தனித்தனிச் சீட்டு. அவை சேர்ந்ததா என்று கேளுங்கள். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதும் எழுத்தில் வரட்டும். ஒழுங்காக நடத்தும் குழுப் பயணம் 35 முதல் 55 டாலருக்குள் கிடைக்கும்.

‘லிமோசின்’ என்று சொல்லி 8 டாலர் கூடுதலாக வாங்கினார்கள். வந்தது ஒரு வேன். ஏமாற்றுதானே? — வாசகர், திருப்பூர்

இல்லை. வியட்நாமில் லிமோசின் என்றாலே சாயும் பெரிய இருக்கைகள் போட்ட 9 அல்லது 11 பேர் வேன்தான். முதுகுக்கு அது நல்லது. ஆனால் கடைசி வரிசை இருக்கை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குலுக்கல் அங்கேதான் அதிகம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. குகைதானே, மெதுவாக நடந்து பார்க்கலாம் என்று மூவா குகை உள்ள பயணத்தை வாங்கினேன். போனால் 500 படி. அம்மா கீழேயே உட்கார்ந்திருந்தார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? — வாசகி, நாகர்கோவில்

கேட்கலாம். கிடைக்காது. ஏறத்தாழ 500 படி என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. மூவாவில் குகை அடிவாரத்தில் இருக்கும் சிறிய விஷயம்; எல்லோரும் போவது குன்றின் உச்சிக்கு, கல் டிராகனின் பக்கத்தில் நின்று டாம் கோக் வயலையும் ஆற்றையும் பார்க்க. மேலே போகப் போகப் படிகள் செங்குத்தாகும், மழை பெய்தால் வழுக்கும். 60 வயதைக் கடந்தவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர் பயண விவரத்தை ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டாமா?

அடுத்த முறை அம்மாவுக்கு மூவா இல்லாத பயணம் எடுங்கள். படகில் ஏறி இறங்கக் கை கொடுக்க ஆள் இருந்தால் போதும். பிக் டோங் கோயில் மூன்று அடுக்காக மலையில் ஏறுகிறது; கீழ்க் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம், குளத்துக் கல்பாலமும் வாசலும் அங்கேதான் இருக்கின்றன.

ட்ராங் ஆனா, டாம் கோக்கா? இரண்டும் படகு, இரண்டும் குகை. — வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் வேறு வேறு சரக்கு. டாம் கோக் என்றால் மூன்று குகை என்று பொருள். 127, 60, 50 மீட்டர் என்று மூன்று குகைகளின் வழியே நோ டோங் ஆற்றில் போய், அதே வழியில் திரும்புவீர்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வெளிநாட்டவர் என்றால் பெரும்பாலும் படகுக்கு 2 பேர். படகோட்டி பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பாதத்தால் துடுப்பைத் தள்ளுவதைப் பார்ப்பது இங்கேதான். இருகரையும் நெல் வயல். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நெல் பழுத்து மஞ்சளாக இருக்கும். அறுப்பு முடிந்துவிட்டால் வெறும் தண்ணீரும் தாளும்தான். நிழல் துளியும் கிடையாது, குடை எடுத்துப் போங்கள்.

ட்ராங் ஆன் சுற்றுப்பாதை. இரண்டரை முதல் மூன்று மணி நேரம், படகுக்கு 4 அல்லது 5 பேர்; நீங்கள் இருவர் என்றால் வேறு இருவரைச் சேர்த்துவிடுவார்கள். மூன்று தடங்கள் உண்டு. முதல் தடத்தில் குகைகள் அதிகம், ஒன்பது. மூன்றாவது தடத்தில் குகை மூன்றுதான், ஆனால் அதில் ஒன்று ஒரு கிலோமீட்டர் நீளம். கூரை தாழ்ந்த இடங்களில் முழங்காலில் தலை முட்டும் அளவுக்குக் குனிய வேண்டும். இருட்டும் நெருக்கமும் ஆகாதவர்கள் இந்தத் தடத்தைத் தவிர்த்துவிடுங்கள். குழுப் பயணத்தில் தடத்தை வழிகாட்டிதான் முடிவு செய்வார். எந்தத் தடம் என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

குகை வேண்டுமென்றால் ட்ராங் ஆன். வயல் வேண்டுமென்றால், அதுவும் அந்த மூன்று நான்கு வாரத்துக்குள் போவதென்றால், டாம் கோக். அக்டோபரில் போய் டாம் கோக்கில் பொன்வயல் இல்லை என்று கடிதம் எழுதாதீர்கள்.

காலை 8 மணிக்கு ஏறினோம், இரவு 7.30க்கு இறக்கிவிட்டார்கள். படகில் இருந்தது ஒன்றரை மணி நேரம். மிச்ச நேரம் எங்கே போனது? — வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் நேரம் குறித்து அனுப்பிய தாளை அப்படியே கூட்டினேன். பழைய நகரத்தின் சந்துகளில் ஒவ்வொரு ஹோட்டலாக ஆள் ஏற்ற 45 நிமிடம். சாலையில் போக 120, வர 120. போகும்போது கைவினைக் கடையில் 35, வரும்போது இன்னொன்றில் 25. ஹோவா லூ 50. சாப்பாடு 70. படகு 90. சைக்கிள் 40. ஆள் சேரக் காத்திருந்தது 40. ஹனோயில் இறக்கிவிட 55. மொத்தம் 690 நிமிடம், பதினொன்றரை மணி நேரம். பார்க்கப் போனதைப் பார்த்தது 180 நிமிடம்.

இதில் தட்டிக் கேட்க வேண்டியது அந்தக் கடைகளில் போன 60 நிமிடத்தை. இந்தக் கடை நிறுத்தத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. நிகழ்ச்சி நிரலில் ‘ஓய்வு நிறுத்தம், 20 நிமிடம்’ என்று இருக்கும். வண்டி ஒரு பெரிய கொட்டகைக்குள் திரும்பும். கழிப்பறை கொட்டகையின் கடைக்கோடியில். அதற்குப் போகும் வழி நேர் வழியாக இருக்காது. எம்பிராய்டரிப் படம், அரக்குப் பூச்சுக் கிண்ணம், முத்து, பட்டு, காப்பித்தூள் என்று ஒவ்வொரு மேசையையும் சுற்றி வளைந்து போகும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெண் உங்களோடு நடந்து வருவார். வெளியே 10,000 டாங்குக்குக் கிடைக்கும் தண்ணீர் பாட்டில் அங்கே அதைப்போல இரண்டு மடங்கு. நீங்கள் வாங்குவதில் ஒரு பங்கு வண்டிக்காரருக்கும் வழிகாட்டிக்கும் போகிறது, அந்தப் பங்கு ஏற்கெனவே பொருளின் விலையில் ஏறியிருக்கிறது.

சிறுநீர் கழிக்க நிற்பதை யாரும் குறை சொல்லவில்லை. 10 நிமிடம் போதும் அதற்கு. மீதி 50 நிமிடம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நேரம். அதை உங்களைக் கேட்காமல் எடுத்து இன்னொருவருக்கு விற்கிறார்கள். ஹோவா லூவில் அந்த 50 நிமிடம் இருந்திருந்தால், 968இல் அரசனான டின் தியென் ஹோவாங் கோயிலோடு நிறுத்தாமல், பக்கத்திலேயே இருக்கும் லே தாய் ஹான் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். 1010இல் தலைநகரம் இன்றைய ஹனோய்க்குப் போகும்வரை நாடு ஆளப்பட்ட இடம் ஹோவா லூ. உங்கள் குழுவை முதல் கோயிலோடு ‘நேரமில்லை’ என்று கிளப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: வாங்கும்போதே ‘கடை நிறுத்தம் உண்டா, எத்தனை, எவ்வளவு நேரம்’ என்று எழுத்தில் கேளுங்கள். ‘ஷாப்பிங் நிறுத்தம் இல்லை’ என்று விளம்பரத்திலேயே போடும் பயணங்கள் உண்டு, 5 டாலர் கூட இருந்தாலும் அதை எடுங்கள். ஹோட்டல் ஹோட்டலாக ஏற்றாமல் ஓரிடத்தில் கூடச் சொல்லும் பயணம் இன்னும் நல்லது, முக்கால் மணி மிச்சம். வழிகாட்டி தேவையில்லை என்பவர்கள் ஹனோயிலிருந்து நின் பின்னுக்கு ரயிலில் போகலாம். சுமார் இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து ட்ராங் ஆன் படகுத்துறைக்கு டாக்சி.

மதிய பஃபேயில் சைவம் உண்டென்றார்கள். ‘கோம் சாய்’ என்று எழுதியிருந்ததை எடுத்தேன், மேலே பன்றி இறைச்சித் தூவல். — வாசகி, மயிலாடுதுறை

மன வருத்தம் புரிகிறது. உங்கள் மேல் தவறில்லை, அந்த ஊரில் இது சுலபமாக நடக்கும். ‘சாய்’ என்று சமமான குரலில் சொன்னால் சைவம். குரலை மேலே ஏற்றிச் சொன்னால் தீய்ந்தது. எழுத்தில் உள்ள வேறுபாடு ஓர் எழுத்தின் தலையில் போட்ட சாய்ந்த கோடு மட்டுமே. கோடு உள்ள ‘கோம் சாய்’ நின் பின்னின் பேர்பெற்ற பண்டம்: சட்டி அடியில் பிடித்த காந்தலைக் காயவைத்துப் பொரித்தது, பெரும்பாலும் இறைச்சியோடு வரும். கோடு இல்லாததுதான் சைவச் சோறு.

அதோடு, கீரை வதக்கலிலும் ‘நுவோக் மாம்’ என்ற மீன் சாறு இருக்கும். ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம்’ என்று நான்கையும் வியட்நாம் மொழியில் ஒரு தாளில் எழுதிவாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங்கின்போதே சொன்னால் தனித் தட்டு செய்து தருவார்கள். பஃபே மேசையில் போய் நின்ற பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இளநீருக்கு 20,000 டாங் என்று நினைத்து 5,00,000 தாளைக் கொடுத்துவிட்டேன். — மாணவர், மதுரை

சுமார் 19 டாலர். திரும்பி வராது, வருந்துகிறேன். இரண்டும் நீலச் சாயல், முன்பக்கம் ஒரே ஹோ சி மின் முகம். பின்பக்கம் பாருங்கள்: 20,000இல் ஹோய் ஆன் கூரைப்பாலம், 5,00,000இல் ஓலைவேய்ந்த வீடு. பெரிய தாள் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் அதிகம். ஒரு லட்சமும் அதற்கு மேலும் ஓர் உறையில், மற்றவை சட்டைப்பையில்.

ஹனோயில் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பலகையைப் பார்த்து 4 பேருக்கு ரொக்கமாகக் கட்டினோம். காலையில் வந்தது வேறு கம்பெனி பஸ். படகு, சாப்பாடு இரண்டுக்கும் மறுபடி பணம் கேட்டார்கள். கடைக்குத் திரும்பினால் ‘நாங்கள் வெறும் ஏஜென்ட்’ என்கிறார்கள். — குடும்பத்தலைவி, சேலம்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதில் வேறு பேச்சே இல்லை. ஒரு நிறுவனம் பெயர் எடுத்துவிட்டால் அதே பெயரை, அதே நிறத்தில் எழுதிக்கொண்டு நான்கைந்து கடை முளைப்பது ஹனோயில் பழைய நோய். ரொக்கம் கொடுத்ததால் பிடி குறைவு. ரசீதையும் பலகையின் படத்தையும் வைத்து அந்தப் பெயருக்கு உண்மையில் சொந்தமான நிறுவனத்துக்கும், ஹனோய் நகரச் சுற்றுலாத் துறைக்கும் எழுதுங்கள். உங்கள் ஹோட்டல் வரவேற்பறை சொல்லி அனுப்பிய கடை என்றால் ஹோட்டலிடமும் கேளுங்கள். தங்குபவரின் மதிப்புரைக்கு அவர்கள் பயப்படுவார்கள்.

மற்றவர்களுக்கு: வெளிநாட்டவருக்குப் பயணம் நடத்தும் நிறுவனத்துக்குப் பன்னாட்டுப் பயண உரிம எண் இருக்க வேண்டும், அதில் எல்.எச்.க்யூ.டி. (LHQT) என்ற எழுத்துகள் வரும். ரசீதில் அந்த எண்ணும் நடத்தும் கம்பெனியின் பெயரும் இல்லையென்றால் எழுந்து வாருங்கள். வழிகாட்டி வேலை நேரத்தில் உரிம அட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டம். கார்டில் கட்டியிருந்தால் சொன்னது கிடைக்கவில்லை என்று உங்கள் வங்கியிடம் எதிர்ப்புப் பதியலாம். வழக்கமாக 120 நாள் வரம்பு, ஸ்கிரீன்ஷாட் கட்டாயம். இந்தியாவில் உள்ள ஏஜென்டிடம் வாங்கியிருந்தால் வியட்நாமைத் துரத்தத் தேவையில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியவில்லையென்றால் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

டா நாங் பளிங்கு மலைக் குகைகளைக் காட்டிவிட்டு அடிவாரக் கடையில் இறக்கினார்கள். புத்தர் சிலை, ‘இதே மலையின் கல்’ என்றார்கள். நம்பலாமா? — வாசகர், காரைக்குடி

வேண்டாம். அந்த ஐந்து மலைகளில் கல் வெட்டத் தடை உண்டு. கல் வெளியிலிருந்து வருகிறது. அது குற்றமில்லை, செதுக்குபவர்கள் நல்ல கைகாரர்கள். கவனிக்க வேண்டியது வேறு: கையளவுச் சிலைகளில் பல கற்பொடியைப் பிசினில் குழைத்து அச்சில் ஊற்றியவை. நான் அங்கே வாங்கிய யானை அப்படிப்பட்டதுதான். பாதத்தின் அடியில் அச்சு சேர்ந்த கோடும் ஊசிமுனை அளவு காற்றுக்குழிகளும் வீட்டுக்கு வந்த பிறகே கண்ணில் பட்டன. திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கல் கையில் சில்லென்றிருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். ஒரே முகம், ஒரே கீறல் உள்ள பத்துச் சிலை வரிசையாக நின்றால் அது அச்சு.

செப்டம்பரில் போகலாமா? — வாசகர், சென்னை

ரத்தானால் முழுப் பணமும் திரும்பும் புக்கிங் என்றால் மட்டும். புயல் மாதம் அது. 2024 செப்டம்பரில் யாகி புயலுக்குப் பின் நின் பின்னில் வெள்ளம். நீர்மட்டம் ஏறினால் தாழ்ந்த குகைகளுக்குள் படகு போகாது.

படகோட்டிக்கு டிப்ஸ் எவ்வளவு? டாம் கோக்கில் மூன்றாவது குகைக்கு அப்பால் ஒரு படகுக்காரி ‘ஓட்டுபவருக்கு ஒரு பானம் வாங்கிக் கொடுங்கள்’ என்று விடவேயில்லை. — வாசகர், புதுச்சேரி

அந்தப் பானம் பெரும்பாலும் குடிக்கப்படாமல் விற்றவரிடமே திரும்பிப் போகும், பணத்தில் ஒரு பங்குதான் ஓட்டியவருக்கு. சிரித்துத் தலையசைத்து மறுத்துவிடுங்கள். திரும்பும் வழியில் ஓட்டுபவரே எம்பிராய்டரித் துணி எடுத்துக் காட்டினால், பிடித்திருந்தால் வாங்குங்கள், கட்டாயமில்லை. இவர்கள் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். முறை வைத்துத்தான் படகு கிடைக்கும். படகுக்கு 50,000 டாங், கரையில் இறங்கிய பிறகு, நேராக அவர் கையில்.