தோல் பயாப்சியும் அதற்குப் பிறகும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் தோலிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பதைப் பற்றியும், அதன் பிறகு கைக்கு வரும் அறிக்கையைப் பற்றியும்தான். சிலர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். படத்தை வைத்து "ஒன்றுமில்லை" என்று நான் சொல்லப்போவதில்லை. நேரில் தொட்டு, கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகும் சில சமயம் தோல் மருத்துவர்களான எங்களுக்கே சந்தேகம் தீர்வதில்லை. அதனால்தான் பயாப்சி.

மூக்கோரத்தில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று ஒரு வருடமாக இருக்கிறது. துண்டால் துடைத்தால் ரத்தம் கசிகிறது. பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் என் அக்கா. இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். (தோ பாயோ வாசகி, 66)

அம்மா, பயாப்சி எடுப்பதால் தோல் புற்றுநோய் பரவுவதில்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முன்பெல்லாம் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். அறுவை நடந்த சில மாதங்களில் ஆள் போய்விட்டால், பழி கத்தி மேல் விழுந்தது.

நடப்பது இவ்வளவுதான். முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அது சில வினாடிகள் எரியும். மூக்கில் கொஞ்சம் கூடுதலாகவே எரியும், பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு அழுத்துவது தெரியும், வலி தெரியாது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுத்து ஒன்றிரண்டு தையல் போடுவார்கள், இல்லையென்றால் மேலாகச் சீவி எடுப்பார்கள். எடுத்த துண்டைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முடிவு வர ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆவது அதனால்தான். தாமதமானாலே கெட்ட செய்தி என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. சாப்பிடுவதாக மருத்துவரிடம் சொன்னால் போதும். மூக்கில் கசியும் ரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். இதயக் குழாய் அடைத்துக்கொண்டால் அப்படிச் செய்ய முடியாது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அறிக்கையில் 'பேசல் செல் கார்சினோமா' என்று வந்திருக்கிறது. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? இன்னும் எவ்வளவு காலம் டாக்டர்? (பூன் லே வாசகர், 71)

ஐயா, பிள்ளைகளிடம் அந்த முழுப்பெயரையே சொல்லுங்கள். வெறுமனே கேன்சர் என்று சொன்னால் வீடே அழ ஆரம்பித்துவிடும். உலகத்தில் அதிகம் பேருக்கு வரும் தோல் புற்றுநோய் இதுதான். நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. இதனால் உங்கள் ஆயுள் குறையப்போவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் அவற்றைப் பற்றிப் படுங்கள்.

அதற்காக விட்டுவிடலாமா? கூடாது. டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827இல் இந்த நோயை விவரித்தபோது கண்ணிமையை அரித்துக்கொண்டே போகும் புண்ணாகத்தான் அதை எழுதினார். தூரப் போகாது, இருக்கும் இடத்தைத் தின்னும். மூக்கு, காது, கண்ணோரம் என்றால் குருத்தெலும்பு வரை இறங்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

சிறியதாக, ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். முகத்தின் நடுப்பகுதி என்றால் 'மோஸ்' அறுவை நல்லது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் மோஸ் 1930களில் உருவாக்கிய முறை அது. ஒரு படலம் எடுத்து, அப்போதே நுண்ணோக்கியில் பார்த்து, மிச்சம் தெரியும் பக்கத்தில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருக்க நேரலாம். ஆனால் வெட்டும் தோல் குறைவு.

சில வாரம் காத்திருப்பதால் நஷ்டமில்லை, ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள். அறுவைக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஓரங்களில் மிச்சம் இல்லையே?" ஒரு தடவை வந்தவர்களுக்கு வேறு இடத்தில் புதிதாக வர வாய்ப்பு அதிகம். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது உடம்பு முழுக்கக் காட்டுங்கள்.

மாமியாருக்குக் கன்னத்தில் தையல். மஞ்சள் பத்துப் போட்டுக் காயவிட வேண்டும் என்கிறார். முட்டை, மீன், கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா விரால் மீன் சூப் கொண்டுவந்து கொடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (செங்காங் வாசகி)

பக்கத்து வீட்டு அம்மா சொல்வதை. புண் ஆறப் புரதம் வேண்டும். விராலில் மந்திரம் இருக்கிறதென்று நான் சொல்லவில்லை, கோழியும் முட்டையும் பருப்பும்கூட அந்த வேலையைச் செய்யும். முட்டைக்கு மாமியாருக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தாலொழிய பத்தியம் தேவையில்லை.

புண்ணைக் காயவிட வேண்டும் என்பதுதான் எனக்கு அலுத்துப்போன வாதம். ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண் சீக்கிரம் ஆறுகிறது என்று ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் காட்டியது 1962இல். பொருக்குத் தட்டினால் அதற்கடியில் புதுத்தோல் பள்ளம் தோண்டிக்கொண்டு நகர வேண்டியிருக்கும். முதல் 24 மணி நேரமோ, மருத்துவர் சொன்ன அளவோ கட்டைத் தொடாதீர்கள். பிறகு தினமும் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, வாஸ்லினை மெல்லிசாகத் தடவி மூடுங்கள். விரலை டப்பாவுக்குள் விடாமல் புதிய டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக் களிம்பு வேண்டாம். நியோமைசின் கலந்த களிம்பு ஒவ்வாமையாகி அரிப்பும் சிவப்புமாக வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மஞ்சள் சமையலுக்கு இருக்கட்டும். திறந்த புண்ணில் போட்டால் எரிச்சல் வரும், சிவந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

முகத்துத் தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் கூடினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ பிரிக்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். ஆறிய பிறகு சில மாதங்களுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் வெயிலில் புதுத் தழும்பு மிகச் சுலபமாகக் கறுத்துவிடும்.

நெற்றியில் தையல். திருநீறு பூசலாமா?

தையல் பிரித்துப் புண் மூடும் வரை கழுத்திலும் கையிலும் பூசிக்கொள்ளுங்கள்.

தோள்பட்டையில் கட்டி எடுத்து மூன்று வாரம் கழித்துத் தைப்பூசம் வருகிறது. காவடி எடுப்பதாக வேண்டுதல். (ஈசூன் வாசகர், 48)

தோளில் தையல் பிரிக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். பிரித்துவிட்டதால் ஒட்டிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் பழைய வலுவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 விழுக்காடு வரை வரும், முழுசாக ஒருபோதும் வராது. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை தோளில் பாரத்தோடு நடந்தால் தழும்பு விரியும், பிளந்துபோகவும் கூடும். உங்கள் மருத்துவர் சம்மதித்தால் இந்த வருடம் பால்குடம் எடுங்கள், காவடியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேதி உங்கள் கையில் என்றால், அறுவையையே தைப்பூசத்துக்குப் பிறகு வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பேசல் செல் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இன்னொன்று: தோள், நெஞ்சு, காது மடல் ஆகிய இடங்களில் நம்மவர்களுக்குக் கெலாய்டு, அதாவது புண்ணைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு, வருவது சாதாரணம். காது குத்திய இடத்தில் முன்பு அப்படி வந்திருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தழும்பு தடிக்காமலிருக்க மேலே ஒட்டும் சிலிகோன் பட்டையை முன்கூட்டியே தொடங்கலாம். தடிக்க ஆரம்பித்தால் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது.

சின்ன வயதில் ஊரில் அடுப்பு வெடித்துக் காலில் வெந்த தழும்பு. அதில் மூன்று மாதமாக ஒரு புண் ஆறவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (துவாஸ், கப்பல் பட்டறைத் தொழிலாளர், 41)

தம்பி, இந்தப் பட்டியலில் என்னை அவசரப்பட வைத்த கடிதம் உங்களுடையது. பழைய தீப்புண் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்து ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் வரலாம். இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கறுத்த தோல் இதைத் தடுக்காது. மேலே சொன்ன பேசல் செல் போல இது சாது இல்லை, நெறிக்கட்டுகளுக்குப் பரவக்கூடியது. உங்களுடையது வெறும் புண்ணாகவே இருக்கலாம். ஆனால் பயாப்சி பார்க்காமல் மாதக்கணக்கில் மருந்து மட்டும் போட்டுக் கட்டக் கூடாது. ஓரத்திலும் நடுவிலுமாக ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுக்க வேண்டியிருக்கும். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. மருத்துவமனைத் தங்கலுக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவைக்கும் வருடத்துக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத காப்புறுதி வாங்கியிருக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் இருக்கும் விதி. இந்த வாரமே போங்கள்.

யாரும் கேட்காத ஒன்று

முகத்தைப் பற்றி இத்தனை கடிதங்கள், உள்ளங்காலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கி உயிருக்கு உலை வைக்கும் புற்றுநோயான மெலனோமா நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்தது; 1981இல் 36 வயதில் இறந்தார்.

நகத்தில் பழுப்புக் கோடுகள் பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் நம் நிறத்தின் இயல்பு. ஒரே ஒரு விரலில் புதிதாகக் கோடு வந்து, அகன்றுகொண்டே போய், கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கும் ஏறினால் உடனே காட்டுங்கள். உள்ளங்காலில் ஒழுங்கற்ற கறைக்கும், எவ்வளவு கீறினாலும் போகாத "ஆணிக்கும்" இதேதான். சர்க்கரை நோயாளிகள் எப்படியும் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைத் தரையில் வைத்து இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? (பல வாசகர்கள்)

இடத்தையும் முறையையும் பொறுத்தது என்பதால் தொகை சொல்ல முடியாது. சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், அங்கிருந்து தேசிய சரும நிலையத்துக்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நேராகத் தனியார் சிறப்பு மருத்துவரிடம் போனால் முழுக் கட்டணம். அறுவைத் தேதி குறிக்கும்போதே உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எவ்வளவு எடுக்கலாம் என்று முகப்பில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பயாப்சி அறிக்கை வேறு எங்கேயாவது எடுத்ததாக இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டுபோங்கள், இல்லையென்றால் மறுபடி ஒரு துண்டு எடுக்க நேரிடும்.