பிள்ளைகள் வேனில் ஏறும் முன்

ஐயா, வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்து அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 27 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். பாதிப் பேர் வீட்டில் கன்னடம். வகுப்பு பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்து நடத்துகிறோம். அடி இல்லை, ரேங்க் இல்லை. ஊரில் ‘விளையாட்டுப் பள்ளிக்கூடம்’ என்கிறார்கள். இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கு இரண்டே பேர். மற்றவர்கள் தனியார் பள்ளி வேனில் போகிறார்கள். சக ஆசிரியருக்கும் மாறுதல் வந்துவிடும் போலிருக்கிறது. முதலில் எதைக் கவனிப்பது?
எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அங்கன்வாடியைக் கவனியுங்கள். தனியார் பள்ளி எல்.கே.ஜி.யிலேயே பிள்ளையை எடுத்துக்கொள்கிறது. உங்கள் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது. நடுவில் அந்த வீட்டோடு உங்களுக்குப் பேச்சே இல்லை. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் அங்கே போய்ப் படக்கதை வாசித்துக் காட்டட்டும். கேட்கிற பிள்ளையின் தாய்க்குச் செய்தி அன்றைக்கே போய்விடும்.

‘விளையாட்டுப் பள்ளிக்கூடம்’ என்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மதிப்பெண் அட்டை இல்லாத இடத்தில் அவர்கள் எதைப் பார்த்து நம்புவார்கள்? மாதம் ஒரு முறை, இரவு ஏழு மணிக்கு மேல், ஊருக்குள்ளேயே கூடுங்கள். பகல் மூன்று மணிக்குக் கூலிக்காரர்களால் வர முடியாது. பாடப்புத்தகம் வேண்டாம், மனப்பாடம் என்பார்கள். ரேஷன் அட்டை, விதைப் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று பெற்றோர் நீட்டுவதைப் பிள்ளை வாசிக்க வேண்டும்.

குழு வகுப்பு கெடுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். ஒரு குழுவோடு நீங்கள் இருபது நிமிடம் உட்காருகிறீர்கள். அடுத்த குழு தன் வேலையை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டுச் சத்தம் போடுகிறது. நீங்கள் எழுந்து போகிறீர்கள், இரண்டு குழுவும் போச்சு. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த, பிள்ளைகள் பாட அட்டைகளை வைத்துத் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றலிலும், அட்டையைத் திருத்த ஆசிரியர் வரட்டும் என்று பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். விடையை அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். முடித்த பிள்ளை தானாகப் போய் எடுக்க ஒரு கதைப்பெட்டி வேண்டும்.

கன்னடப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன் இரண்டு மாதம் பேச்சு மட்டும். ஹாலு – பால், ஹூவு – பூ, ஹல்லு – பல், ஹத்து – பத்து என்று பலகையில் எழுதிப் போடுங்கள். கன்னடத்து ‘ஹ’ தமிழில் ‘ப’ ஆவதை ஆறேழு சொல்லுக்குள் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டுச் சொற்களையே தமிழாக்கிப் பார்ப்பார்கள். இதை எந்த வேன் பள்ளியும் செய்யாது.

மாறுதலைத் தடுக்க முடியாது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அதனால் அவருக்குப் பதில் ஒருவரைக் கேட்க உங்களுக்கு வழி உண்டு. ஆனால் புதிதாக வருபவருக்கு உங்கள் முறை தெரியாதே. பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எதை வாசித்தது, எங்கே திணறியது என்று எழுதுங்கள். அன்றாட நேர அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். குழு வகுப்பு முறையை அவர்கள் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிந்து, ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். மாறுதல் உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே தொடங்குங்கள்.